முதல் நாளே காடு மாதிரி இருக்கும் மீன் தொட்டியை நம்பாதீர்கள்

சென்னையில் வீட்டுக்கே வந்து பிளாண்டட் டேங்க், அதாவது தண்ணீருக்குள்ளேயே செடி வளரும் மீன் தொட்டி, அமைத்துத் தருகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுபவர்கள் இப்போது நிறைய முளைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எங்களிடம் 55,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அப்புறம் விசாரித்தபோது இதே முறையில் வேறு சிலரும் ஏமாற்றப்பட்டிருப்பது தெரிந்தது, அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

மூன்றடித் தொட்டி, 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர், சுமார் 180 லிட்டர். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் எல்லாமே இருந்தது: வெளிநாட்டு அக்வாசாயில் (நீர்ச் செடிக்கான சத்து மண்), தண்ணீரைப் பாதிக்காத கல், செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும் சிஓ2 சிலிண்டர் செட், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர், முன்பக்கம் தரையோடு கம்பளம் மாதிரி படரும் மான்டி கார்லோ கார்பெட், நடுவில் கிரிப்டோகொரைன், அனுபியாஸ், பின்னால் ரோட்டலா, மூன்று மாதப் பராமரிப்பு. தலைப்பில் பெரிய எழுத்தில் 'இவாகுமி லேஅவுட்' என்று போட்டிருந்தார்கள். இந்த இடத்தைக் கவனியுங்கள். இவாகுமியில் கல்தான் பிரதானம். ஓயாஇஷி என்கிற பெரிய கல் ஒன்று, அதற்குத் துணையாகச் சின்னக் கற்கள், மொத்தம் ஒற்றைப்படை எண்ணிக்கையில், எல்லாம் ஒரே ஓட்டத்தில் சாய்ந்திருக்க வேண்டும். செடி ஒன்றிரண்டு வகை இருந்தாலே அதிகம். ஜப்பானில் தகாஷி அமானோ வளர்த்தெடுத்த பாணி அது. இத்தனை வகைச் செடியும் இவாகுமியும் ஒரே கொட்டேஷனில் வந்தால், எழுதியவருக்கு லேஅவுட் தெரியாது என்று அர்த்தம்.

வந்து ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். முடித்த அன்று தொட்டி கல்யாண மேடை அலங்காரம் மாதிரி ஜொலித்தது, இண்டு இடுக்கு இல்லாமல் செடி. அவர்களே கொண்டுவந்த விளக்குகளை வைத்து நாலா பக்கமும் படம் எடுத்து, அன்று சாயங்காலமே தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் உள்ள மோசடியே அந்த ஒரு நாள் படத்தில்தான் இருக்கிறது. உண்மையான பிளாண்டட் டேங்க் முதல் நாளில் பார்க்க வெறிச்சென்றுதான் இருக்கும். மான்டி கார்லோவைச் சின்னச் சின்னக் கொத்தாகப் பிரித்து இடுக்கியால் இடைவெளி விட்டு நடுவார்கள், அது பரவி மூட வாரக்கணக்கில் ஆகும். ரோட்டலா வெறும் குச்சியாக நிற்கும். நுனியை வெட்டி வெட்டி, வெட்டிய நுனியைப் பக்கத்திலேயே நட்டு வந்தால்தான் அது புதராகும். கற்கள் முதலில் கொஞ்சம் பெரிதாக, துருத்திக்கொண்டு தெரிய வேண்டும், ஏனென்றால் கார்பெட் வளர்ந்து அடிப்பாகத்தை மறைக்கும்போது கல் தானாகச் சிறுத்துவிடும். செடி எங்கே வரப்போகிறது என்று யோசித்து இடம் விடுவதுதான் லேஅவுட். எங்கள் தொட்டியில் வளர ஒரு விரல் இடம் கூட இல்லை, ஏனென்றால் எதுவும் வளரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வாரத்தில் பின்பக்கச் செடிகள் கண்ணாடிபோல ஆயின, இலைகள் ஒளி ஊடுருவுகிற மாதிரி வெளிறின. ஊதா நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக இலை உள்ள செடி ஒன்றை நடுவில் வைத்திருந்தார்கள், 'சிவப்பு கிரிப்டோ' என்று சொன்னார்கள். அதைப் பிடித்து லேசாக இழுத்தேன். தண்டு கையோடு வந்துவிட்டது, வேர் மண்ணிலேயே தங்கிவிட்டது. தண்டின் அடிப்பக்கம் பழுப்பு நிறக் கூழ், அழுகின முட்டை நாற்றம். வேரைத் தோண்டி எடுத்தால் அதைச் சுற்றி நர்சரியில் நாற்றுக்குப் போடும் தேங்காய் நார்த்தூள் உருண்டை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கொளத்தூர் போனேன். வண்ணமீன் வியாபாரம் தலைமுறையாக நடக்கிற இடம், அங்கே ஒரு பெரியவர் பையைத் திறந்து பார்த்தவுடனே, "இதுல பாதி தண்ணிச் செடியே இல்லையேம்மா, நர்சரிச் செடி" என்றார். ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். ஊதாச் செடி ஹெமிகிராஃபிஸ். பின்னால் உயரமாக நின்றது லக்கி பாம்பூ, அது மூங்கிலே இல்லை, டிரசீனா. முன்னால் புல் என்று வைத்தது மாண்டோ புல். பெரிய இலை சிங்கோனியம். எல்லாமே நிலத்துச் செடிகள். லக்கி பாம்பூவும் சிங்கோனியமும் வேர் மட்டும் தண்ணீரில், இலை வெளியே இருந்தால் நன்றாக வாழும். முழுக்க மூழ்கடித்தால் சில வாரங்களில் அழுகிவிடும். அழுகாமல் மிஞ்சியிருந்த ஹெமிகிராஃபிஸை பால்கனித் தொட்டியில் வைத்தேன், இப்போது கொத்தாகத் தழைத்திருக்கிறது.

தொட்டி அமைத்துக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது வந்த பதில்: "மேடம், இது மெல்ட்டிங். எல்லா டேங்க்லயும் ஆகும், பொறுமையா இருங்க." இந்தப் பதிலில்தான் பலர் சிக்குகிறார்கள், ஏனென்றால் இது பாதி உண்மை. கிரிப்டோகொரைன் போன்ற நீர்ச் செடிகளைப் பண்ணைகளில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே ஈரப்பதத்தில்தான் வளர்க்கிறார்கள், அவற்றைத் தொட்டியில் மூழ்கவைத்ததும் பழைய இலை கரைந்துபோகும். அது சகஜம். ஆனால் அப்போது வேரும் குருத்தும் கெட்டியாக இருக்கும், கொஞ்ச நாளில் நடுவிலிருந்து புது இலை வரும். நிலத்துச் செடி அடியிலிருந்து அழுகும், குருத்தே கூழாகும், புது இலை வரவே வராது. பிடித்து லேசாக அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். அனுபியாஸ் மட்டும் உண்மையான நீர்ச் செடிதான் கொடுத்திருந்தார்கள், ஆனால் அதன் கிடைத்தண்டை மண்ணுக்குள் புதைத்துவிட்டார்கள். அதைக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்ட வேண்டும், புதைத்தால் அழுகும். அதை மட்டும் எடுத்துக் காப்பாற்றிவிட்டேன்.

சந்தேகம் வந்தபின் கல்லையும் பார்த்தேன். ஒரு கல்லைத் துடைத்துக் காயவைத்து வினிகர் விட்டதும் நுரைத்துக்கொண்டு பொங்கியது. சுண்ணாம்புக் கல். தொட்டி அலங்காரத்துக்குப் பலர் வாங்கும் செய்ரியூ கல்லும் இப்படிப் பொங்கும்தான், தெரிந்தவர்கள் ஆர்ஓ தண்ணீர் கலந்து, அடிக்கடி தண்ணீர் மாற்றி அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எங்களுக்கு 'தண்ணீரைப் பாதிக்காத கல்' என்று எழுத்தில் கொடுத்து, கிலோவுக்கு விலையும் போட்டிருந்தார். எங்கள் வீட்டில் வருவது போர் தண்ணீர், ஏற்கெனவே கடினத் தண்ணீர், அதில் இதுவும் கரைந்தால் என்ன ஆகும்? மண்ணும் அப்படித்தான். மேலே ஒரு விரற்கடை அக்வாசாயில், கீழே முழுக்கச் சாயம் ஏற்றிய ஜல்லி, தேய்த்தால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது. அடியில் எரிமலைக் கல்லைப் பரப்பி மேலே அக்வாசாயில் போடுவது நல்ல முறைதான், அதைச் சொல்லிவிட்டுச் செய்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்; இருபது கிலோ அக்வாசாயிலுக்குப் பணம் வாங்கிவிட்டு ஜல்லியைக் கொட்டுவது திருட்டு.

சிலிண்டர் விஷயம் இதைவிட மோசம். புதுசு என்று சொன்ன சிலிண்டரில் கறுப்பு பெயின்ட் உரிந்த இடத்தில் சிவப்பு தெரிந்தது. பழைய தீயணைப்பான். கழுத்தில் பொறித்திருக்க வேண்டிய சோதனைத் தேதி இருக்கும் இடம் ராவப்பட்டிருந்தது. ரெகுலேட்டர் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் குமிழாக வந்தது. சிஓ2 காற்றைவிடக் கனமானது, மூடின அறையில் தரையோடு தங்கும். தொட்டி இருந்தது குழந்தைகள் தரையில் உட்கார்ந்து விளையாடும் ஹாலில். உடனே மூடிக் கழற்றி வெளியே வைத்துவிட்டோம்.

மீன்களைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை, ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். அமைத்த அன்றே பதினைந்து நியான் டெட்ராவை விட்டார்கள், ஒரு குட்டிப் பாட்டிலிலிருந்து பாக்டீரியா திரவம் ஊற்றி, இனி கவலையில்லை என்றார்கள். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேரூன்ற பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். புது அக்வாசாயில் தன் பங்குக்கு அம்மோனியா விடும், அழுகும் செடி இன்னும் சேர்க்கும், பிஎச் கூடின தண்ணீரில் அதே அம்மோனியாவுக்கு விஷம் அதிகம். அவர்கள் வைத்த ஒவ்வொரு பொருளும் அந்த மீன்களுக்கு எதிராகவே வேலை செய்தது. தண்ணீரின் மேல்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சு வாங்கிச் செத்தன. உயிருள்ள ஒன்றை விற்பவர்களுக்கு இந்த அளவுக்காவது பொறுப்பு இருக்க வேண்டாமா? ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதற்கு அவர் சொன்னது, நாங்கள் லைட்டை அதிக நேரம் எரித்துவிட்டோமாம். டைமரை ஏழு மணி நேரத்துக்கு வைத்ததே அவர்தான். அப்புறம் பாசி மருந்து, உரம், 'ஸ்பெஷல் பாக்டீரியா' என்று இன்னும் 6,000 ரூபாய்க்கு ஒரு பட்டியல் அனுப்பினார். செடிகளின் பெயரை ஒவ்வொன்றாக எழுதி, படத்தோடு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நம்பரை பிளாக் செய்துவிட்டார். மூன்று மாதப் பராமரிப்புக்கு ஒருவரும் வரவில்லை.

இப்படி யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முடித்த நாள் படத்தைப் பார்க்காதீர்கள். அதே தொட்டி மூன்று மாதம் கழித்து எப்படி இருந்தது என்று வீடியோ கேளுங்கள், அந்த வீட்டுக்காரரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். உண்மையாக வேலை செய்பவர் சந்தோஷமாகக் காட்டுவார், ஏனென்றால் அவருடைய வேலை அழகாவதே அப்போதுதான். செடிப் பட்டியலை முழு அறிவியல் பெயரோடு கேளுங்கள், 'ரெட் பிளான்ட்', 'கிராஸ்' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மண் பையைப் பிரிக்காமல் கொண்டுவந்து, உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். மீனை அன்றே விடுகிறேன் என்றால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடலாம். பணத்தில் ஒரு பகுதியைப் புது இலை வந்த பிறகு தருவதாகப் பேசுங்கள். இதே ஆட்கள் 'கார்பெட் விதை' என்று பொட்டலமும் விற்கிறார்கள், மான்டி கார்லோ என்று படம் போட்டு. மான்டி கார்லோவைக் கொத்தாகவோ, ஆய்வகத்தில் வளர்த்த டிஷ்யூ கல்ச்சர் டப்பாவிலோதான் வாங்க முடியும், விதையாக யாரும் நேர்மையாக விற்பதில்லை. அந்த விதை சப்ஜா மாதிரி வழவழவென்று ஊறி, நாலே நாளில் பச்சைப் பசேலென்று முளைத்து, பிறகு மொத்தமாக அழுகிவிடும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, கொட்டேஷன், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் முன் செடி, கல், ஜல்லி எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய மனு தமிழில்தான் இருக்கிறது, தேவைப்படுபவர்கள் கேளுங்கள், பெயர் விவரங்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.