முதலிடம் யாருக்கு: ஷர்தானந்துக்கா, தில்ராஜுக்கா, பிரின்ஸ்தீப்புக்கா?

ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி முடிந்துவிட்டது. மன்னார்குடி தேரடிப் பக்கம் நாங்கள் கூடும் டீக்கடையில் மட்டும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. 2025 டிசம்பர் 10 அன்று சென்னையில் அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று நம் பையன்கள் வெண்கலம் வாங்கினார்கள். அவர்களில் சீனியர் அணியில் நிலைத்து நிற்கப்போவது யார், முதலில் யார் பெயரை எழுதுவது என்பதுதான் பிரச்சினை. ஆளுக்கொரு வரிசை வைத்திருக்கிறோம்.

மாப்பிள்ளையின் வரிசை கோல் கணக்கில் போகிறது. அதில் முதல் பெயர் தில்ராஜ் சிங். சிலியை 7-0 என்று அடித்த ஆட்டத்தில் 2 கோல், ஓமனை 17-0 என்று அடித்த ஆட்டத்தில் 4 கோல். முன்வரிசை ஆட்டக்காரனை கோலை வைத்து அளக்காமல் வேறு எதை வைத்து அளப்பது என்று கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த 6 கோலும் முதல் இரண்டு ஆட்டங்களில் வந்தவை. பெல்ஜியம், ஜெர்மனி, அர்ஜென்டினா என்று எதிரணி கனமான பிறகு கோல் அடித்தவர்களின் பட்டியலில் தில்ராஜ் இல்லை. 17 கோல் விழும் ஆட்டத்தில் ஒருவன் எவ்வளவு நல்லவன் என்று கண்டுபிடிக்க முடியாது. டிஃபென்ஸ் முன்னாலேயே கலைந்துபோயிருக்கும், யார் போனாலும் வழி கிடைக்கும்.

தில்ராஜைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. 2024 ஜூனியர் ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா அடித்த 5 கோலில் ஒன்று அவருடையது. மற்ற நான்கையும் அரைஜீத் சிங் ஹுண்டல் ஒருவரே அடித்தார். ஓமனுக்கு எதிரான நாலை விட எனக்கு அந்த ஒன்று பெரிது.

சித்தப்பா அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்கு டிஃபென்ஸ் ஆடியவர். அவர் வரிசையில் ஷர்தானந்த் திவாரிதான் முதல். நானும் அந்தப் பக்கம்தான். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஷர்தானந்த் டிராக் ஃபிளிக் ஆள். பெனால்டி கார்னரில், அதாவது எதிரணி தவறு செய்யும்போது கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிக் கொடுத்துத் தொடங்கும் வாய்ப்பில், போடுவது அது. டிராக் ஃபிளிக் என்பது அடிப்பது இல்லை, இழுத்து வீசுவது. கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்கு வெளியே நிறுத்திய பந்தைக் குச்சியின் வளைவில் ஒட்ட வைத்து, முழங்காலை மடக்கி, முதுகைத் தரைக்குச் சமமாகத் தாழ்த்தி, உடம்பு மொத்தத்தையும் சுழற்றி விட வேண்டும். பந்து குச்சியை விட்டு ஒரு விரற்கடை விலகினாலும் வீச்சு செத்துவிடும். எங்கள் ஊர் மைதானத்தில் இதைப் பழகவே முடியாது. வண்டல் மண். மழைக்குப் பிறகு காலையில் போனால் பந்து சேற்றில் நின்றுவிடும். வெயில் ஏறினால் தரை பாளம் பாளமாக வெடித்து, இழுக்கும் பந்து விரிசலில் மோதி முழங்கால் உயரத்துக்குத் துள்ளும். ஒரு பையனை இருபது தடவை இழுக்கச் சொல்லிப் பார்த்தேன். மூன்று தடவைதான் பந்து குச்சியில் நின்றது. டெல்டாவில் வேகமாக ஓடும் முன்வரிசைப் பையன்கள் நிறைய உண்டு, டிராக் ஃபிளிக் ஆள் கிடைப்பதில்லை. செயற்கைப் புல்லில் வருடக்கணக்காக உழைத்தால்தான் அந்தக் கை வரும். அதனால்தான் அது வரிசையில் கூடுதல் எடை பெற வேண்டும் என்கிறேன்.

சீனியர் அணியின் தேவையையும் பாருங்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனியர் அணியின் டிராக் ஃபிளிக் ஆள் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் அடித்தார். அணியின் பாரத்தை ஒரு தோள் சுமந்தது. 1996-இல் பிறந்தவர், 2028 லாஸ் ஏஞ்சலீஸுக்குள் 32 ஆகிவிடும். அடுத்த தோள் வேண்டும்.

அதோடு ஷர்தானந்த் கனமான ஆட்டங்களில் பதறாதவர். காலிறுதியில் பெல்ஜியத்துக்கு எதிராக ஒரு கோல். ஆட்டம் 2-2 என்று முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனபோது, கோல்கீப்பரை மட்டும் எதிரே வைத்து, நிறுத்திய பந்தைப் போடும் பெனால்டி ஸ்ட்ரோக்கை மூன்று தடவை எடுத்து மூன்றையும் உள்ளே தள்ளினார். அர்ஜென்டினாவுக்கு எதிராக 57-வது நிமிடத்தில் இன்னொரு ஸ்ட்ரோக்கில் நம்மை முன்னே கொண்டுபோனதும் அவர்தான். மாப்பிள்ளை உடனே, “ஸ்ட்ரோக்கெல்லாம் ஒரு கணக்கா மாமா?” என்றார். 6.4 மீட்டர் தூரத்தில் நின்று, ஊரே பார்க்க, ஒரே மாதத்தில் நாலு தடவை தவறாமல் போடுவது கணக்குத்தான் என்று சித்தப்பா சொன்னார். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங்குக்கு வருவோம். எங்களுக்குள் நிஜமான சண்டை இங்கேதான். மாமா பையன் கல்லூரியில் படிக்கிறான், எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பவன். அவன் வரிசையில் பிரின்ஸ்தீப் முதலிடம். பெல்ஜியம் ஆட்டத்தை ஷூட் அவுட்டில் காப்பாற்றியவர் யார் என்று கேட்கிறான். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவன் பந்தோடு வருகிறான். எட்டே நொடி. கோல்கீப்பர் முன்னே போனாலும் ஆபத்து, பின்னே நின்றாலும் ஆபத்து. அந்த எட்டு நொடியில் பிரின்ஸ்தீப் அவசரப்படாமல் காத்திருந்தது எனக்கும் கண்ணிலேயே நிற்கிறது.

ஆனால் 2016-ஐ மறக்கக் கூடாது. லக்னோவில் நாம் ஜூனியர் உலகக் கோப்பையை வென்றபோது, அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை ஷூட் அவுட்டில் தடுத்தவர் விகாஸ் தஹியா. அணியின் இரண்டாவது கோல்கீப்பர் கிருஷன் பதக். டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் பாரிசுக்கும் ரிசர்வ் கோல்கீப்பராகப் போனது பதக்தான். அவரும் சீனியர் அணியின் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்ரீஜேஷ் 2006-இல் சீனியர் அணிக்கு வந்து 36 வயதில் பாரிசில் ஆடி முடித்தார். ஓர் இடம், ஒரே ஆள், இத்தனை வருடம். சித்தப்பா சொன்னார்: “கோல்கீப்பர் சம்பாப் பயிர் தம்பி. குறுவைக் கணக்குல அறுக்கப் போனா பால் பிடிக்காத கதிர்தான் கையில வரும்.”

அதனால் பிரின்ஸ்தீப்பை அடியில் போட்டுவிடலாமா? கூடாது. மாப்பிள்ளை அப்படித்தான் போடுகிறார், எட்டாவது இடம். காத்திருக்க வேண்டியவன் என்றால் திறமை குறைந்தவன் என்று ஆகாது. அவருக்கு நான் தருவது இரண்டாவது இடம்.

2016 அணியை வைத்துப் பார்த்தால் எந்த வரிசையையும் அடித்துச் சொல்லக் கை நடுங்கும். அந்த 18 பேரில் ஏழு பேர் டோக்கியோவில் வெண்கலம் வாங்கினார்கள். கேப்டன் ஹர்ஜீத் சிங் அதில் இல்லை. சிம்ரன்ஜீத் சிங் டோக்கியோவுக்கு முதலில் மாற்று ஆட்டக்காரராகத்தான் போனார். ஜெர்மனியை 5-4 என்று வென்ற அந்த வெண்கல ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது. ஆகவே இந்த 2025 அணியின் கேப்டன் என்பதற்காக ரோஹித்தை மேலே ஏற்ற வேண்டியதில்லை. பெல்ஜியத்துக்கு எதிராக அவர் அடித்த கோலுக்காக ஏற்றலாம்.

நடுக்களத்தில் எனக்கு அங்கித் பால் போதும். ஷூட் அவுட்டில் நாலாவது கோல், அர்ஜென்டினாவுக்கு எதிராக 0-2 என்று தவித்தபோது 49-வது நிமிடத்தில் முதல் கோல். மூன்று நிமிடம் கழித்து மன்மீத் சிங் சமன் செய்தார். 58-வது நிமிடத்தில் பெனால்டி கார்னரில் நாலாவது கோலைப் போட்டது அன்மோல் எக்கா. ஜெர்மனியிடம் 1-5 என்று தோற்ற அரையிறுதியில் நம் ஒரே கோலும் அவருடையதுதான்.

அப்புறம், பேச்சில் கார்த்தி செல்வம் வராமல் எங்கள் கடையில் டீ இறங்காது. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர்ப் பையன். 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இறங்கி கோல் அடித்தார். அதற்கு முன் எந்த வரிசையிலும் அவரை மேலே வைத்து நாங்கள் பேசியதில்லை, அதிக தூரமில்லாத மாவட்டமாக இருந்தும். அன்றிலிருந்து முன்வரிசைப் பையன்களை அவசரமாகக் கீழே தள்ள எனக்கு மனசு வருவதில்லை.

என் வரிசை இது: ஷர்தானந்த், பிரின்ஸ்தீப், அங்கித் பால், அன்மோல் எக்கா, தில்ராஜ். நாலாவது இடத்துக்கு எக்காவா தில்ராஜா என்று இரண்டு நாள் யோசித்தேன். தில்ராஜ் ஒரு பெரிய சீனியர் அணிக்கு எதிராக இறங்கும் நாளில் கடையில் டிவியைப் போடச் சொல்லியிருக்கிறேன். அன்று அவர் வட்டத்துக்குள் திரும்பி ஒன்று போட்டாலும், மாப்பிள்ளை முன்னாலேயே எக்காவின் இடத்தை மாற்றி எழுதுவேன்.