தட்டினால் திறக்கும் பூட்டு, நெம்பினால் விடும் கதவு: எது எவ்வளவு தாங்கும்?

வீட்டு வாசலுக்குப் பூட்டு வாங்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சாவியில்லாமல், சத்தமில்லாமல் அதைத் திறக்க முடியுமா? கடப்பாரை போட்டு நெம்பினால் முதலில் எது விடும்? ஒன்றில் தேறும் பூட்டு மற்றதில் தோற்கலாம்.

முதல் கேள்வியில் பலவீனமானது சாதாரண பின் சிலிண்டர். தட்டையான சாவியின் ஓர் ஓரத்தில் மட்டும் பல் வெட்டியிருக்குமே, அந்த வகை. உள்ளே ஐந்தாறு துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கீழ்ப் பின், அதன் மேல் இன்னொரு பின், உச்சியில் ஸ்பிரிங். சரியான சாவி போட்டால், இரு பின்களும் பிரியும் இடம் எல்லாத் துளைகளிலும் ஒரே கோட்டில் வந்து நிற்கும், சிலிண்டர் சுழலும். கேரம் பலகையில் ஒட்டியிருக்கும் இரண்டு காய்களில் ஒன்றை நேராக அடித்தால் அடுத்த காய்தான் ஓடும், அடிபட்டது ஏறக்குறைய அங்கேயே நிற்கும். தனியாக வெட்டிய சாவியை நுழைத்துத் தட்டித் திறக்கும் ‘பம்பிங்’ (bumping) நடப்பதும் இப்படித்தான். தட்டிய அதிர்ச்சியில் மேல் பின்கள் மட்டும் ஒரு கணம் எழும்பும். அந்த இடைவெளியில் சிலிண்டர் திரும்பிவிடும். எல்லாத் துளைகளின் மேல் பின்களும் ஒரே அடியில் எழும்புவதால், ஐந்துக்குப் பதில் ஆறு பின் என்று கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. கதவில் உடைத்த தடயமும் இருக்காது. 1920-களிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற உத்தி இது.

சாவியில் குழி குழியாக இருந்தால் கடைகளில் ‘கம்ப்யூட்டர் சாவி’ என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதுவும் பின், ஸ்பிரிங் பூட்டுதான். தட்டித் திறப்பது கடினம், ஆனால் முடியாததல்ல. பின்களோடு பக்கவாட்டில் ஒரு பூட்டுத்தண்டும் சேர்ந்து விலகினால்தான் திறக்கும் என்ற அமைப்பு இருந்தால் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு.

லீவர் பூட்டு வேறு இனம். இரண்டாகப் பிரியும் பின் இதில் கிடையாது. ஒவ்வொரு லீவரும் ஒரே தகடு. அதைக் குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்கினால்தான் அதிலுள்ள வெட்டு வழியே தாழ் நகரும். கூடினாலும் நகராது, குறைந்தாலும் நகராது. தட்டினால் தகடுகள் துள்ளுமே தவிர வழி விடாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இந்த லீவர் மரபுதான். பிரிட்டனில் வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, மரக்கதவுக்கு பிஎஸ் 3621 என்ற பிரிட்டிஷ் தரமுள்ள ஐந்து லீவர் பூட்டைக் கேட்கின்றன. மூன்று லீவர் மட்டும் உள்ள மலிவுப் பூட்டை நம்பாதீர்கள். சாவி வேறுபாடு குறைவு, அடுத்தவர் சாவி பொருந்திவிடலாம். 1907-இல் பின்லாந்தில் பிறந்த வட்டத் தகடு பூட்டிலும் பம்பிங் செல்லாது. தட்டினால் எழும்ப அதில் ஸ்பிரிங் பின்களே இல்லை.

இனி கடப்பாரை. இங்கே பூட்டைவிட அது உட்கார்ந்திருக்கும் இடமே பேசும்.

ஆல்டிராப்பில் தொங்கும் பூட்டு எவ்வளவு நல்லதானாலும், ஆல்டிராப் வெறும் திருகாணியில் நின்றால் நாதாங்கியோடு பெயர்ந்து வரும். கதவை ஊடுருவும் போல்ட் போட்டு உள்பக்கம் நட்டு முடுக்க வேண்டும். பூட்டின் வளையம் 10 மி.மீ. கனத்துக்குக் குறையாமல், கடினமாக்கிய எஃகாக இருக்கட்டும். பூட்டியபின் வளையத்துக்குள் கம்பி நுழைய இடமிருக்கக் கூடாது. எனக்கு இதில் உள்ள பெரிய குறை வேறு: வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லும் பூட்டு இது.

உள்பக்கம் பொருத்தும் மூன்று தாழ் பூட்டில் அந்தக் குறை இல்லை. உதைத்தால் முழு விசையும், தாழ்கள் போய் நுழையும் நிலையிலுள்ள பெட்டியின் திருகாணிகளில் விழும். கூடவே தரும் குட்டைத் திருகாணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, 50 மி.மீ. திருகாணி போடுங்கள், நம்மூர் தேக்கு, வேங்கை நிலைகளில் அதற்குக் கனம் உண்டு. முதலில் 3 மி.மீ. துளை போடாவிட்டால் மரம் பிளக்கும், அல்லது திருகாணித் தலை முறியும்.

கதவுக்குள் புதைக்கும் மார்டைஸ் பூட்டு பார்க்க அழகு. ஆனால் 30 மி.மீ. பிளஷ் கதவில் (பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு) 16 மி.மீ. குடைந்தால் இருபுறமும் 7 மி.மீ. மரம்தான் மிஞ்சும், உதையில் அங்கேதான் பிளக்கும். 40 மி.மீ. கனக் கதவுக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன். அதில் யூரோ சிலிண்டர் (கதவின் இருபுறமும் எட்டும், தனியாகக் கழற்றி மாற்றும் சிலிண்டர்) என்றால் நீளத்தை அளந்து வாங்குங்கள்: உதாரணமாக, அதைப் பிடித்திருக்கும் நடுத் திருகாணியிலிருந்து கதவு முகம் 20 மி.மீ., கைப்பிடித் தகடு 8, ஆக 28. நடுவிலிருந்து இருபுறமும் 30 மி.மீ. உள்ள 30-30 சிலிண்டர் 2 மி.மீ. மட்டும் நீட்டும், சரி. 10 மி.மீ. நீட்டினால் பிடித்து முறித்துவிடலாம். திருகாணித் துளை இருக்கும் நடுப்பகுதியில் உலோகம் மிக மெலிசு.

டிஜிட்டல் பூட்டில் விரல்ரேகையைப் பார்த்து மயங்காமல், அவசரச் சாவித் துளையைப் பாருங்கள். அங்கே மலிவு பின் சிலிண்டர் இருந்தால் பழைய கதைதான்.

இரட்டைக் கதவில் இன்னொரு சிக்கல். அசையாத கதவின் மேல், கீழ்த் தாழ்ப்பாள்கள் நிலையிலும் தரையிலும் 20 மி.மீ.யாவது இறங்காவிட்டால், எந்தப் பூட்டு போட்டாலும் இரண்டும் சேர்ந்தே திறந்துகொள்ளும். பூட்டிவிட்டு மேலே, நடுவில், கீழே தோளால் அழுத்திப் பாருங்கள். எங்கே ஆடுகிறதோ, கடப்பாரை அங்கேதான் நுழையும்.