வறுத்த தேதிக்கு அடியில் இன்னொரு தேதி

காப்பிக்கொட்டைப் பையின் அடியில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டின் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தேன். கீழே இன்னொரு சீட்டு. மேலே இருந்ததில் வறுத்த தேதி 9 நாளுக்கு முந்தையது. அடியில் இருந்ததில், அதே எழுத்தில், அதே மையில், 7 மாதத்துக்கு முந்தையது. வழக்கமாகக் கொடுப்பதைப் போல மூன்று மடங்கு விலை கொடுத்து அந்தப் பையை வாங்கி வந்திருந்தேன்.

ஸ்பெஷாலிட்டி காப்பி என்று பலகை மாட்டிய கடை. பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய நகரங்களில் இதே அச்சில் வார்த்த கடைகள் இப்போது தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை எல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பளபளவென்று ஒரு வறுக்கும் இயந்திரம் நிற்கும். "இங்கேயே, உங்கள் கண் முன்னால் வறுக்கிறோம்" என்றார் கல்லாவில் இருந்த இளைஞர். நானும் தலையாட்டினேன். மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூட அந்த இயந்திரம் ஓடிப் பார்த்ததில்லை. காப்பி வறுக்கிற இடத்தில் முதலில் வைக்கோல் வாசனை வரும், பிறகு ரொட்டி சுடுகிற வாசனை வரும், அதன்பின் கொட்டை 200 பாகைக்குச் சற்று முன்னதாகப் படபடவென்று வெடிக்கத் தொடங்கும். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் சன்னத் தோல் உமிபோலப் பறந்து மூலை முடுக்கெல்லாம் படியும். அந்தக் கடைத் தரையில் ஓர் உமிகூட இல்லை. அதைச் சுத்தம் என்று நினைத்து மெச்சிக்கொண்டவன் நான்.

என்னை விழுத்தாட்டியது ஒரு கோப்பை. முதல் முறை போனபோது சுவைத்துப் பார்க்கச் சொல்லி இலவசமாக ஊற்றிக் கொடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அருமையான காப்பி. மல்லிகை வாசனை, பின்னால் எலுமிச்சைத் தோலின் மெல்லிய கசப்பு, ஆறிய பிறகும் குடிக்கக் கூடிய தெளிவு. கொட்டையை எங்கிருந்து எடுத்து அரைத்தார்கள் என்பதை அப்போது கவனிக்கவில்லை. மேசைக்குப் பின்னால் தனியாக ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. விற்பனைக்கான பைகள் எதிர்ச்சுவர் அடுக்கில் இருந்தன. குடித்தது ஜாடியில் இருந்ததை, காசு கொடுத்தது அடுக்கில் இருந்ததற்கு.

முதல் பையை அங்கேயே பொடியாக அரைத்து வாங்கிக்கொண்டேன். வீட்டில் போட்டால் அந்தக் கோப்பையின் சாயல்கூட வரவில்லை. என் கைதான் சரியில்லை என்று நினைத்துத் தண்ணீரை மாற்றினேன், சூட்டைக் குறைத்தேன், கூட்டினேன். தன்மீதே சந்தேகப்படுகிற வாடிக்கையாளரைப் போல வியாபாரிக்கு வசதியானவர் யாரும் இல்லை. பொடி எல்லாவற்றையும் மறைத்துவிடும்: கொட்டையின் வடிவம், நிறம், எண்ணெய்ப் பசை, உடைசல் எல்லாம். இரண்டாவது முறை போனபோது கடையின் அரைக்கும் இயந்திரம் பழுது. அந்தப் பழுதுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். முழுக்கொட்டையாகவே வாங்கி வந்தேன்.

பையைப் பிரித்ததும் கொட்டைகள் மினுமினுத்தன. லைட் ரோஸ்ட், அதாவது மிதமாக வறுத்தது, என்று பையில் எழுதியிருந்தது. அடர்த்தியாக வறுத்த கொட்டையில் சில நாட்களிலேயே எண்ணெய் மேலே வந்துவிடும்; அது இயல்பு. மிதமாக வறுத்த கொட்டை 9 நாளில் அப்படி எண்ணெய் வடிய வழியில்லை. 15 கிராம் எடுத்து அரைத்து, வடிதாளில் பொடியைப் போட்டு, முதல் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றினேன். புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைந்திருக்கும். சுடுதண்ணீர் பட்டதும் பொடி உப்பிக் குமிழி விட்டு எழும்பும். என் கோப்பையின் மேல் அது மழையில் நனைந்த புழுதி மாதிரிப் படுத்துக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. குடித்துப் பார்த்தால் நனைந்த அட்டைப் பெட்டியின் சுவை, அடியில் சிக்கு வாடை. அதற்குப் பிறகுதான் பையைத் தலைகீழாகத் திருப்பிச் சீட்டைப் பார்த்தேன்.

கோபம் தலைக்கு ஏறிவிட்டதால் நான் அதோடு நிற்கவில்லை. வெள்ளைத் தட்டில் 100 கொட்டைகளை எண்ணிப் பரப்பினேன். காப்பியில் முக்கியமாக இரண்டு வகை: விலை கூடிய அராபிகா, மலிவான ரோபஸ்டா. அராபிகாக் கொட்டை நீள்வட்டமாக இருக்கும், நடுவில் ஓடும் பிளவு வளைந்து போகும். ரோபஸ்டா உருண்டு இருக்கும், பிளவு ஏறக்குறைய நேர்கோடு. என் தட்டில் இருந்த 100-இல் 22 இரண்டாம் வகை. உருண்டையாக இருப்பதெல்லாம் பீபெரி என்று அவர்கள் சொல்லக்கூடும் என்று அதையும் பார்த்துவிட்டேன். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றையாக விளைகிற கொட்டை; அதற்குத் தட்டையான பக்கமே இருக்காது. இந்த 22-க்கும் தட்டையான வயிறு இருந்தது. இன்னொரு 6 கொட்டை மற்றவற்றோடு சேர்ந்து வறுபட்டும் வெளிறிய வேர்க்கடலை நிறத்தில் நின்றிருந்தன. பழுக்காத காயிலிருந்து வந்தவை அப்படித்தான் இருக்கும். ஒன்றிரண்டு விழுந்தாலே கோப்பையில் காகித வாடை வரும். ரோபஸ்டா கலந்திருந்தது என்று கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ரோபஸ்டாவில் தாராளமாகவும் அராபிகாவில் மிகச் சொற்பமாகவும் இருக்கிற ஒரு சேர்மத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்துதான் அதை நிரூபிப்பார்கள். ஒரு பை காப்பிக்காக யார் ஆய்வுக்கூடத்துக்குப் போவார்கள்? அந்தக் கணக்கில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

மறுநாள் பையையும் உரித்த சீட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அதே இளைஞர்.

"சார், தண்ணீர் எத்தனை பாகையில் ஊற்றினீர்கள்?"

"93."

"அரைக்கும் இயந்திரம் எந்த மாதிரி? கத்தியா, பல்சக்கரமா?"

சொன்னேன். அடுத்ததாக, வறுத்த கொட்டைக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும், நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றார். ஓய்வு வேண்டும் என்பது உண்மைதான். லைட் ரோஸ்ட் முதல் சில நாட்களில் முழுச் சுவையைத் தராது. ஆனால் 7 மாதம் ஓய்வெடுத்த கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஓய்வு கொடுங்கள் என்கிறார்! உரித்த சீட்டை மேசைமேல் வைத்தேன். ஒரு கணம் பார்த்தார்.

"அது பழைய பை சார். பையை வீணாக்கக் கூடாது என்று புதிய கொட்டையை அதில் நிரப்பியிருக்கிறார்கள்."

நுணல் தன் வாயால் கெட்டது. அந்தப் பையின் வாய் சூடு வைத்து ஒட்டப்பட்டது. ஒரு முறை ஒட்டியதைத் திறக்க வேண்டுமானால் வெட்டத்தான் வேண்டும். என் பையில் நான் வெட்டிய வெட்டு ஒன்றைத் தவிர வேறு வெட்டு கிடையாது. "ஒட்டிய பைக்குள் கொட்டை எந்த வழியாகப் போயிற்று, தம்பி?" என்று கேட்டேன். அவர் மேலாளரை அழைத்தார்.

மேலாளர் நன்றாகப் பேசுகிறவர். பிரித்த பையைத் திரும்ப எடுப்பதில்லை என்பது கடையின் விதி என்றார். பிரிக்காமல் எப்படிச் சுவை தெரியும் என்றேன். அதற்குத்தான் இலவசக் கோப்பை தருகிறோமே என்றார். பிறகு பேச்சை மாற்றி, இது 88 மதிப்பெண் பெற்ற காப்பி, எத்தியோப்பியாவின் யிர்காசெஃபில் ஒரே குடும்பத்தின் தோட்டத்திலிருந்து வருவது என்று பையில் அச்சிட்டிருந்ததை ஒப்பித்தார்.

இந்த இரண்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவற்றை வைத்துத்தான் விலை ஏறுகிறது. ஸ்பெஷாலிட்டி காப்பி என்ற சொல்லை 1974-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் எர்னா நட்சன் என்ற காப்பி வணிகர். தனித்த தட்பவெப்பம் தருகிற தனித்த சுவையைத்தான் அவர் அப்படிச் சொன்னார். பின்னாளில் 100-க்கு 80 வாங்கினால் ஸ்பெஷாலிட்டி என்று கோடு கிழித்தார்கள். அந்த மதிப்பெண், ஒரு குறிப்பிட்ட நாளில், பச்சைக்கொட்டையின் மாதிரியைச் சோதனைக்கென்றே மிதமாக வறுத்துச் சுவைத்துப் போடுவது. எவரோ வேறெங்கோ வறுத்து, 7 மாதம் அடுக்கில் கிடந்த பைக்கும் அதற்கும் என்ன உறவு? யார் போட்ட மதிப்பெண், எந்த அறுவடைக்கு என்று கேட்டேன். "இறக்குமதியாளர் சொன்னது" என்றார்.

ஒரே குடும்பத்தின் தோட்டம் என்பது இன்னும் வேடிக்கை. எத்தியோப்பியாவில் பெரிய தோட்டங்கள் உண்டு. ஆனால் யிர்காசெஃப் வட்டாரத்தில் பெரும்பாலும் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் செடி வைத்திருக்கிற சிறு விவசாயிகள். நூற்றுக்கணக்கானவர்கள் பழத்தைப் பறித்துக் கொண்டுவந்து, சதையை நீக்கிக் கொட்டையைக் கழுவிக் காயவைக்கிற ஒரு கழுவு நிலையத்தில் போடுவார்கள். அதனால் நேர்மையான பையில் நிலையத்தின் பெயர் இருக்கும்: கொங்கா, அரிச்சா என்று ஏதாவது. 2008-இல் அந்நாட்டின் பண்டச் சந்தை தொடங்கிய பிறகு பல ஆண்டுகள், பெரும்பாலான காப்பி வட்டாரமும் தரமும் மட்டும் குறித்து அங்கே கலந்தே விற்கப்பட்டது. 2017-இல் விதிகளைத் தளர்த்திய பிறகுதான் எந்த நிலையத்துச் சரக்கு என்று தொடர்ந்து சொல்வது எளிதானது. ஒரு குடும்பம் ஒரு தோட்டம் என்றால் அந்தக் குடும்பத்தின் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். மேலாளருக்குத் தெரியவில்லை. அறுவடை ஆண்டும் தெரியவில்லை.

இது புதிய வித்தை அல்ல. விலை உயர்ந்த ஹவாயின் கோனா காப்பி என்ற பெயரில் பனாமா, கோஸ்டா ரிக்காக் கொட்டையை மூட்டை மாற்றிப் பல ஆண்டுகள் விற்ற கலிபோர்னிய வியாபாரி 1996-இல் பிடிபட்டார். அதைக் குடித்தவர்கள் கோனா என்று நம்பித்தான் ரசித்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு பெரும்பாலும் கண் படித்ததைத்தான் திரும்பச் சொல்லும். என் நாக்கும் முதல் பைக்கு அப்படித்தான் மல்லிகை தேடியது.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்டேன். இடம் போதாததால் இப்போது வேறிடத்தில் வறுத்து வருகிறோம் என்றார் மேலாளர். பிறர் வறுத்த கொட்டையைத் தன் பையில் போட்டு விற்பது குற்றமே இல்லை. நல்ல வறுப்பாளரிடம் வாங்கி, அவர் பெயரையும் சொல்லி விற்கிற கடைகளை நான் மதிக்கிறேன். ஓடாத இயந்திரத்தை விளக்குப் போட்டுக் காட்டி "உங்கள் கண் முன்னால்" என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வேறு இரண்டு மூன்று இடங்களில் வாங்கிப் பார்த்தேன். இப்போது உள்ளே நுழைந்ததும் சுவைக்குறிப்புகளைப் படிப்பதே இல்லை. பையைத் திருப்பி வறுத்த தேதியைத் தேடுகிறேன். 'இதற்குள் பயன்படுத்தவும்' என்று ஒரு வருடம் தள்ளிய தேதி மட்டும் இருந்தால் அப்படியே வைத்துவிடுகிறேன். அதிலிருந்து எப்போது வறுத்தது என்று யாராலும் பின்னோக்கி எண்ண முடியாது. சீட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்கிற பழக்கமும் வந்துவிட்டது. பார்ப்பவர்களுக்குப் பைத்தியமாகத் தெரியலாம். பையின் முகப்பில் வாயு வெளியேற ஒரு வால்வு இருக்கும். லேசாக அழுத்தி அந்தக் காற்றை முகர்ந்தால் சிக்கு வாடை அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். கொடுப்பதில் மிகச் சிறிய அளவைத்தான் முதலில் வாங்குகிறேன். கடையில் அரைக்கக் கொடுப்பதில்லை. சுவைக்கக் கோப்பை நீட்டினால், நான் வாங்கப் போகிற பையையே பிரித்துப் போடுங்கள் என்கிறேன். ஒரு கடையில் அதற்கு முகம் சுளித்தார்கள். இன்னொரு கடையில், உமி ஒட்டிய ஏப்ரனோடு வந்த பெண்மணி, நான் எடுத்த பையைப் பார்த்துவிட்டு, "அது வறுத்து ஐந்து வாரம் ஆகிவிட்டது, அதை எடுக்காதீர்கள், வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்று கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். நான் வெள்ளிக்கிழமை போனேன்.

பழைய கடையிலிருந்து பணம் திரும்ப வரவில்லை. ரொம்ப நேரம் வாதாடிய பிறகு, நல்லெண்ணத்துக்காக என்று சொல்லி அடுக்கிலிருந்து வேறொரு பையை எடுத்து நீட்டினார் மேலாளர். அவர் முன்னாலேயே திருப்பி அடியைப் பார்த்தேன். அதிலும் சீட்டு தடிமனாக இருந்தது. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

போன வாரம் அந்த வழியாகப் போனபோது ஆர்வம் தாங்காமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். பைகள் புதிய அச்சில் வந்திருந்தன. மல்லிகையும் பீச்சும் முன்பைவிடப் பெரிய எழுத்தில். ஒன்றை எடுத்துத் திருப்பினேன். இரட்டைச் சீட்டு எதுவும் இல்லை. தேதி எழுதுவதற்கான கட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.