ரீச்சர்மாருக்கு ஒரு நன்றிக் கொப்பி: டயரியா, சீ.ஆர். கொப்பியா, போத்தலா?

பள்ளிக்கூடம் போய்வரும் ஓர் ஆசிரியர் நன்றியை எழுதிப் பழகுவதற்குக் கைக்கெட்டிய தூரத்தில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: அச்சடித்த நன்றி டயரி, வெறும் சீ.ஆர். கொப்பி (புத்தகக் கடைகளில் கிடைக்கும் பெரிய எழுதுகொப்பி), பிள்ளைகள் நன்றிச் சீட்டு எழுதிப் போடும் போத்தல், கைபேசிச் செயலி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தப் பாவனைக்குச் சீ.ஆர். கொப்பிதான். வகுப்பறைக்குப் போத்தல், அதுவும் சில கட்டுப்பாடுகளோடு. டயரி யாராவது அன்பளிப்பாகத் தந்தால் வைத்திருங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம். செயலி இந்த வேலைக்குச் சரிவராது.

டயரியில் அழகுக்குக் குறைவில்லை. கெட்டி அட்டை, ரிப்பன், ஒவ்வொரு பக்கத்திலும் 'இன்று நன்றி சொல்ல மூன்று விஷயங்கள்' என்ற மாதிரி ஒரு தலைப்பு, கீழே மூன்று கோடு. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுவோரை நினைத்துச் செய்தவை. சிக்கல் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஏ5 பக்கத்தின் அகலம் 14.8 சென்ரிமீற்றர். ஓரங்களை விட்டால் எழுதக் கிடைப்பது 11, 12 சென்ரிமீற்றர். சாதாரணக் கையெழுத்தில் தமிழ்ச் சொல் நாலு, ஐந்துக்கு மேல் அதில் அடங்காது. 'வெயிலுக்குள் கொப்பிக் கட்டைத் தூக்கி வந்த' என்று எழுதும்போதே கோடு முடிந்துவிடும்; யார், எப்போது, அதனால் என்ன நடந்தது என்று எழுத இடமில்லை. எழுதுகிறவர் தானாகவே சுருக்கத் தொடங்குவார்: 'குடும்பம்', 'சுகம்', 'நல்ல மழை'. மூன்றாம் கிழமையில் அதே மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பிறகு எழுதுவதே நின்றுவிடும். இதைச் சோம்பல் என்று நினைத்து ரீச்சர்மார் தங்களையே நொந்துகொள்வதுண்டு. அது சோம்பல் இல்லை. பொதுச்சொல்லை மனம் பிடித்து வைத்திருக்காது, அவ்வளவுதான்.

திகதி அச்சிட்ட டயரி என்றால் இன்னொரு தொல்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பத்து நாளும் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும். அடுத்த முறை திறக்கும்போது அந்த வெற்றுப் பக்கங்கள்தான் முதலில் கண்ணில் படும். தாள் வழவழப்பாக இருந்தால் ஜெல் பேனை மை உடனே காயாது, வியர்த்த கைபட்டு இழுபடும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் திகதி போடாததாக, நூலால் தைத்ததாகப் பாருங்கள். நடுப்பக்கத்தை விரித்தால் நூல் தெரியவேண்டும். பசை மட்டும் போட்டு ஒட்டியது நாளாந்தம் விரித்து மடிக்கும்போது தாள் தாளாகக் கழரும்.

சீ.ஆர். கொப்பி எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். 80 பக்கக் கொப்பி போதும். கிழமைக்கு ஒரு பக்கம் என்று எழுதினால் ஒரு கல்வியாண்டுக்கு ஏறக்குறைய 40 பக்கம் போகும், ஆகவே ஒரு கொப்பி இரண்டு வருடத்துக்கு வரும். கோடு போட்டதை வாங்குங்கள். அடிமட்டம் வைத்து நான்கு நிரல் பிரியுங்கள். முதலாவது திகதி, இரண்டு சென்ரிமீற்றர். இரண்டாவது ஆள், மூன்று சென்ரிமீற்றர். கடைசி நிரலும் இரண்டு சென்ரிமீற்றர். அதன் தலைப்பு 'சொல்லியாச்சா?'. நடுவில் மிஞ்சும் இடம் முழுவதும் 'என்ன செய்தார், அதனால் என்ன ஆனது' என்பதற்கு. ஒரு பதிவுக்கு நாலு கோடு விடுங்கள். சாதாரண போல்பொயின்ற் பேனை நல்லது. வருடக்கணக்கில் இருந்தாலும் நிற்கும், வியர்வைக்குக் கரையாது.

ஒரு பதிவு இப்படி இருக்கவேண்டும்: 'செவ்வாய். 7ஆ, இலக்கம் 23. இரண்டாம் பாடவேளையில் வெண்கட்டி முடிந்தது. நான் கேட்கமுதல் எழும்பிப் பக்கத்து வகுப்புக்குப் போய் இரண்டு துண்டு வாங்கி வந்தான். கணக்கைப் பாதியில் விடாமல் முடிக்க முடிந்தது.' இதில் ஆள் இருக்கிறார், செயல் இருக்கிறது, விளைவு இருக்கிறது. 'நல்ல பிள்ளை' என்ற சொல் இல்லை. அதை எழுதினால் செயல் மறைந்துபோகும். கடைசி நிரல் வெறுமையாக இருக்கிறவரை பதிவு முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிரல் எந்த அச்சடித்த டயரியிலும் நான் கண்டதில்லை. கொப்பிக்குள்ளேயே கிடக்கும் நன்றியால் செய்தவருக்கு என்ன பயன்? டயரியை விட இந்தக் கொப்பி எனக்குப் பிடித்ததற்கு முதற்காரணம் அதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? நாளாந்தம் எழுதவேண்டும் என்று டயரிகள் சொல்லும். றொபேட் எமன்ஸ், மைக்கல் மக்கலக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வின் முதற்பகுதியில், பல்கலைக்கழக மாணவர்கள் கிழமைக்கு ஒருமுறை ஐந்து விஷயம் வரை எழுதினார்கள். பத்துக் கிழமை நடந்தது. நன்றி எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள். உளவியலாளர் சோன்யா லுபொமிர்ஸ்கியின் ஆய்வில் கிழமைக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் கிடைத்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்கவில்லை. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் கூட்டாளிகளும் 2005இல் செய்து பார்த்தது வேறு வகை: ஒரு கிழமை முழுக்க இரவுதோறும் மூன்று நல்ல விஷயம், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்ற காரணத்தோடு. அந்தக் காரணந்தான் எங்கள் மூன்றாம் நிரல். பாடக்குறிப்பு, புள்ளிப் பதிவு, சமையல் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும் ஒருவருக்கு ஞாயிறு பின்னேரம் இருபது நிமிடம், ஐந்து பதிவு என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஆனால் ஞாயிறு வரும்போது செவ்வாயில் நடந்தது மறந்துபோகும். அதற்குக் கைப்பைக்குள் ஒரு துண்டுத்தாள் வையுங்கள். 'வெண்கட்டி, 23' என்று அந்த இடத்திலேயே இரண்டு சொல் குறித்தால் போதும்.

பலர் விடும் பிழை ஒன்று: பாடக்குறிப்புக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுவது. பாடக்குறிப்பு அதிபரின் மேசைக்குக் கையொப்பத்துக்குப் போகும். ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை பற்றி நீங்கள் நல்லெண்ணத்தோடு எழுதிய வரி அங்கே வேறு மாதிரி வாசிக்கப்படலாம். தனிக் கொப்பி வையுங்கள், அட்டையில் பெயர் எழுதாதீர்கள், பிள்ளைகளுக்கு இடாப்பு இலக்கம் மட்டும் போடுங்கள், ஆசிரியர் அறை மேசையில் விட்டுப் போகாதீர்கள்.

நாலு கிழமை கழிந்ததும் இரண்டாம் நிரலை மட்டும் மேலிருந்து கீழே விரல் வைத்து வாசியுங்கள். யார் அடிக்கடி வருகிறார்கள் என்பதைவிட யார் ஒருமுறையும் வரவில்லை என்பதுதான் முக்கியம். அநேகமாக இரண்டு பேர் விடுபட்டிருப்பார்கள். ஒருவர், உங்களுக்கு முதலே வந்து வகுப்பறைகளைத் திறந்து கூட்டி வைக்கும் சிற்றூழியர். மற்றவர் வீட்டில் இருக்கிறார். நீங்கள் காலமை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிப்பதற்காக ஐந்து மணிக்கு எழும்பிப் புட்டுக்கு மா குழைக்கிறவர் அம்மாவோ மாமியோ கணவரோ, அவர் பெயர் ஏன் இல்லை? நாளும் நடப்பது கண்ணில் படாது. அடுத்த கிழமை முதற்பதிவு அவருக்கு.

வீட்டில் அதை எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். எங்களுடைய வீடுகளில் 'நன்றி' என்ற சொல் கூட்டம் முடிவில் நன்றியுரைக்கு உரியது. மாமியிடம் போய் 'உங்களுக்கு என் நன்றி' என்றால் அவர் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று பயப்படுவார். செயலைச் சொல்லுங்கள்: 'மாமி, நீங்கள் சம்பலை இடிச்சு வைச்சபடியாலதான் இண்டைக்கு முதல் பஸ்ஸைப் பிடிச்சனான்.' அவ்வளவு போதும், நாலாம் நிரலில் சரி போடலாம். பிள்ளைகளிடமும் அப்படியே. 'ரொம்ப நல்ல பிள்ளை' என்பதற்குப் பதிலாக 'தங்கச்சியின்ர சப்பாத்தைத் துடைச்சு வைச்சிருந்தாய், நான் கண்டனான்' என்று சொன்னால், கண்டிருக்கிறார்கள் என்பது பிள்ளைக்கு விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. குறை சொல்லவேண்டிய இடத்தில் நன்றிக் கொப்பியைக் கொண்டுபோகக் கூடாது. வகுப்பறைக் கூரை ஒழுகினால் அது அதிபருக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத்தில் போகவேண்டிய விஷயம். 'ஒழுகாத மூலைக்கு நன்றி' என்று எழுதி மனத்தைச் சமாதானப்படுத்தினால் கூரையும் திருந்தாது, கொப்பியும் பொய்யாகிவிடும்.

இனிப் போத்தல். தரம் 3 முதல் 8 வரை இது நல்ல சாதனம். கண்ணாடி வேண்டாம், விழுந்தால் காலை வெட்டும். கை நுழையக்கூடிய அகன்ற வாயுள்ள பிளாஸ்ரிக் போத்தல் வையுங்கள். சீட்டுக்கு ஏ4 தாளை நாலு முறை பாதியாக மடித்து வெட்டினால் 16 துண்டு வரும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்துக்கு ஏழரை சென்ரிமீற்றர். 35 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு மூன்று தாளில் 48 சீட்டு. ஒரு கிழமைக்குத் தாராளம். ஒருபக்கத் தாளாக இருந்தாலும் பரவாயில்லை, வெற்றுப் பக்கத்தில் எழுதலாம்.

போத்தலைச் சும்மா வைத்துவிட்டு 'எழுதுங்கோ' என்று சொன்னால் முதற்கிழமையே இரண்டு பிழை நடக்கும். ஒன்று, பாதிச் சீட்டில் 'ரீச்சருக்கு நன்றி' என்று இருக்கும். பிள்ளைகள் உங்களைச் சந்தோஷப்படுத்தப் பார்க்கிறார்கள். முதல் நாலு கிழமைக்கு ஆசிரியரைப் பற்றி எழுதக்கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மற்றது, விளையாட்டில் கெட்டியான, எல்லாரோடும் கதைக்கிற மூன்று நாலு பேருக்கே சீட்டுகள் குவியும். பின்வாங்கில் பேசாமல் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் வராது. வாசிக்கும் நாளில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் போத்தலைத் தூக்கி எறியத் தோன்றும். இதைத் தடுக்கத் திங்கட்கிழமை காலையில் இடாப்பு இலக்கங்களை மடித்து ஒவ்வொருவரும் ஒன்றை எடுக்கட்டும். எடுத்த இலக்கத்துக்குரிய பிள்ளையை வெள்ளி வரைக்கும் கவனித்து, அவர் செய்த ஒரு உதவியை எழுதவேண்டும். யாரை எடுத்தோம் என்று சொல்லக்கூடாது. தன்னுடைய இலக்கமே வந்தால் திரும்பப் போட்டு வேறு எடுக்கட்டும். வெள்ளிக்கிழமை பத்து நிமிடத்துக்குள் ஆறு சீட்டு மட்டும் வாசியுங்கள். வாசித்த இலக்கத்துக்கு இடாப்புப் பட்டியலின் பிரதியில் சரி போடுங்கள். சரி விழாத இலக்கங்களையே அடுத்தடுத்த கிழமைகளில் எடுத்தால், ஆறு கிழமைக்குள் எல்லாருடைய இலக்கமும் ஒருமுறை வந்துவிடும்.

எழுத்துப்பிழையைச் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். புள்ளி போடாதீர்கள். சுவரில் ஒட்டாதீர்கள். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் அது வீட்டுவேலையாக மாறிவிடும். தரம் 1, 2 பிள்ளைகளுக்குப் படம் வரைந்தாலே போதும். தரம் 10, 11க்குப் போத்தல் ஒத்துவராது, அந்த வயதில் கூச்சம் அதிகம். விரும்பினால் தனிக் கொப்பியில் தமக்கென்று எழுதட்டும். 2008இல் உளவியலாளர் ஜெஃப்றி ஃபுறோவும் கூட்டாளிகளும் 11 வகுப்புகளில் 221 பிள்ளைகளோடு செய்த ஆய்வு ஆறாம் ஏழாம் வகுப்புகளில்தான் நடந்தது. இரண்டு கிழமை எழுதினார்கள். நன்றியை எழுதிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தின்மேல் இருந்த திருப்தி கூடியது.

எங்கள் மண்ணில் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். 'உன் அப்பாவுக்கு ஏன் நன்றி சொல்வாய்?' போன்ற கேள்விகளை ஆயத்தமாக அச்சிட்ட தாள்களும் உண்டு. யாழ்ப்பாணத்து வகுப்பு ஒன்றில் அதைக் கொடுக்க முன்னர் இருமுறை யோசியுங்கள். அம்மம்மாவோடு வளரும் பிள்ளை, தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, வீட்டில் யாரையோ யுத்தத்தில் இழந்த குடும்பத்துப் பிள்ளை எல்லாரும் அதே வாங்கில்தான் இருக்கிறார்கள். கேள்வியை 'இந்தக் கிழமை உனக்கு உதவின ஒரு ஆள்' என்று மாற்றினால் ஒருவரும் வெளியே நிற்க மாட்டார்கள்.

செயலியைப் பற்றி அதிகம் இல்லை. இரவு எட்டு மணிக்கு நினைவூட்டும், நீங்கள் கைபேசியை எடுப்பீர்கள், பெற்றோர் குழுவின் வட்ஸ்அப் செய்தி முன்னால் நிற்கும், நன்றி நாளைக்குப் போகும்.

கொப்பியின் கடைசி இரண்டு பக்கத்தை ஒக்ரோபர் 6க்கு, இலங்கையில் எங்கள் ஆசிரியர் தினத்துக்கு, ஒதுக்கி வையுங்கள். உங்களுக்குப் படிப்பித்த, இப்போது ஓய்விலிருக்கும் ஒருவருக்கு 300 சொல்லளவில் ஒரு கடிதம்: அவர் செய்த ஒரே ஒரு காரியம், அது உங்களுக்கு எப்படி உதவியது, இன்றைக்கு அது உங்கள் வகுப்பில் எங்கே இருக்கிறது. தபாலில் போடாமல் நேரில் போய் வாசித்துக் காட்டுங்கள். செலிக்மனின் 2005 ஆய்வில் உடனடியாகக் கூடிய பலன் தந்தது இந்த நேர்ச்சந்திப்புத்தான், ஆனால் அது மாதக்கணக்கில் நீடிக்கவில்லை. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள்.

போத்தல் சீட்டுகளைத் தவணை முடிவில் குப்பைக்குள் கொட்டாதீர்கள். இலக்கப்படி பிரியுங்கள். ஒருவருக்கும் இரண்டுக்குக் குறைவாக இல்லை என்று பார்த்து, குறைந்தால் உங்கள் கொப்பியில் இருந்து ஒன்றைப் பெயர்த்து எழுதிச் சேருங்கள். பிறகு சின்னக் கடித உறைகளில் போட்டு ஒட்டி, முன்னேற்ற அறிக்கையோடு கையில் கொடுங்கள். அதைப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் திறக்கட்டும்.