ரவுட்டர் திருத்தக் குடுக்க முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கோ

14,500 ரூபா! அடப்டர் பழுதானதுக்கு யாழ்ப்பாணம் டவுனில நான் குடுத்த காசு இது. கடையின்ர பேரைப் போடேல்லை. கொம்பியூட்டர், ரவுட்டர், சிசிரிவி எல்லாம் திருத்துற கடை எண்டு மட்டும் சொல்லுறன்.

போன கிழமை இடி மின்னலோட கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் கிளம்பேல்லை. பவர் லைற் வரும், மற்றதுகள் ஒருக்கா மினுங்கும், வைஃபை லைற் வரப்போற நேரம் எல்லாம் அணைஞ்சு திரும்ப முதல்ல இருந்து. மகளுக்கு ஏ.எல். சூம் வகுப்பு, அவசரம்.

கடைக்குக் கோல் எடுத்தால், "அடப்டர் தேவையில்லை சேர், ரவுட்டரை மட்டும் கொண்டு வாங்கோ" எண்டான். போனன். எனக்கு முன்னாலயே மூடியைக் கழட்டி, உள்ளுக்க இருக்கிற சேர்க்கிட் போட்டை மூக்குக்குக் கிட்டப் பிடிச்சு மணந்து பாத்தான். "மின்னல் அடிச்சிட்டுது சேர், போட் முடிஞ்சுது. புதுசு போட்டுத் தாறன். படிப்பிக்கிற ஆக்களிட்ட நான் லாபம் பாக்கிறேல்லை." பிளேன்ரீயும் வந்தது. அந்தக் கதைக்கு ஆர்தான் மயங்காயினம்? 14,500ஐ எண்ணிக் குடுத்தன். பில்லை வைபரில போடுறன் எண்டான், இன்னும் வரேல்லை.

எடுக்கப் போகேக்க தங்கட அடப்டரில கொழுவிக் காட்டினான், வடிவா வேலை செய்தது. வீட்டை வந்தால் பழைய கூத்து. கேட்டால் "உங்கட வீட்டு வயரிங் பிழை." பிறகு "ஓனர் கொழும்பு போட்டார்." நேரில போனால், தலையை நிமித்தாமலே "போட்டுக்கு வொறண்டி இல்லை சேர்."

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பொடியன் மீற்றரோட வந்தான். அடப்டரைத் தனியப் பிடிச்சால் 12 வோல்ற் காட்டுது. ரவுட்டரைக் கொழுவினால் 8க்குக் கிட்ட விழுது. அடப்டருக்குள்ள கப்பாசிற்றர் (கரண்டைச் சேத்து வைச்சுக் குடுக்கிற சின்னப் பாகம்) பழுதானால் இப்பிடித்தானாம். வைஃபை தொடங்கேக்க ரவுட்டர் கூடுதலாக் கரண்ட் இழுக்கும், வோல்ற் விழும், ரவுட்டர் திரும்ப முதல்ல இருந்து தொடங்கும். 1,300 ரூபாக்கு வேற அடப்டர் வாங்கிப் போட்டம், எல்லாம் சரி.

சரி, அந்தப் புதுப் போட்டை ஒருக்காப் பாப்பம் எண்டு மூடியைக் கழட்டினால், மூலையில ரெண்டு பல்லி முட்டைக் கோது! அண்டைக்குக் கடையில நான் கண்ட அதே கோது, ஒட்டினபடி இருக்கு. ஒவ்வொரு போட்டுக்கும் தனித்தனியா இருக்கிற மக் (MAC) இலக்கமும், அடியில ஸ்ரிக்கரில இருக்கிறதும் ரவுட்டர் செற்றிங்ஸில காட்டுறதும் ஒண்டுதான். போட் மாறியிருந்தால் அது மாறியிருக்கும். ஒரு ஸ்குரூவை முறுக்கினதுக்கு 14,500!

என்னெண்டு சோதிக்கிறது எண்டு விளக்கமா எழுதத்தான் வெளிக்கிட்டன், கோவத்தில கை ஓடுதில்லை. கடைக்கு அடப்டரையும் கொண்டு போங்கோ. முதல்ல அதே வோல்ற், அம்பியர் குறையாத வேற அடப்டர் ஒண்டை ஆரிட்டையும் வாங்கிக் கொழுவிப் பாருங்கோ. 9 வோல்ற் ரவுட்டருக்கு 12ஐக் குத்திப்போடாதேங்கோ. போட் மாத்தினம் எண்டால் பழையதைக் கேளுங்கோ. பில் இல்லாமல் காசு குடுக்காதேங்கோ.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின்ர இலக்கம் 1977. நாளைக்குக் காலமை எடுக்கிறன். பில் எங்க எண்டு கேட்டால் வைபர் கதையைத்தான் சொல்லவேணும்.