சிங்கமா, சலீமா?

கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் பேச்சு: சினிமாவிலிருந்து மேடைக்குப் போன இசை நாடகங்களில் எது மேல்? யூடியூப் துண்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை சண்டையும்.

மாமா ‘முகல்-ஏ-ஆஸம்’ கட்சி. சலீம்-அனார்கலி காதலைச் சொன்ன 1960 படம், 2016-இல் மும்பையில் மேடையேறியது. நடிகர்களே நேரடியாகப் பாடுகிறார்கள், கதக் அமர்க்களம். சரி, ஆனால் படத்தின் பிரம்மாண்டத்தைத்தானே திரும்பக் காட்டுகிறது?

நான் ‘லயன் கிங்’ பக்கம். 1994 கார்ட்டூன், 1997-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு வந்தது. இயக்குநர் ஜூலி டேமர் நடிகரை ஒளித்துவைக்கவில்லை. சிங்க முகமூடி தலைக்கு மேலே, அதன் கீழே மனித முகம். இரண்டும் சேர்ந்தே தெரியும். ஒட்டகச்சிவிங்கி என்பது கை, கால் நான்கிலும் கட்டைக்கால் மாட்டிய ஆள். அப்புறம் நிழல் பொம்மைகள். பாலக்காட்டுக் கூத்துமாடத்தில் கம்பன் பாட்டோடு தோல்பாவை பார்த்த நமக்கு இதெல்லாம் புதுசா என்ன?

மாமா இன்னும் அனார்கலியை விடவில்லை.