குடும்பப் பெயர் இல்லாத சிப்பாய்: ஒரு சந்தாதாரரின் அனுபவம்

வம்சாவளி ஆவணங்களைத் தேடித் தரும் வெளிநாட்டுத் தளம் ஒன்றுக்குச் சில ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருகிறேன். இப்போது கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள். கட்டலாமா என்று பெங்களூரு அலசூரில் இருக்கும் மைத்துனர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதிவைக்கிறேன்.

என் கொள்ளுத்தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற, பெங்களூருவைத் தளமாகக் கொண்ட, பாலமும் பாதையும் போடும் பொறியாளர் படையில் சேர்ந்து முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய ஈராக்குக்குப் போனவர். அவரைத் தேடப் போனால் தளம் முதலில் கேட்பது குடும்பப் பெயரை. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் ஓர் அடி நகர முடியாது. வட ஆற்காட்டிலிருந்து வந்தவருக்கு ஏது குடும்பப் பெயர்? இருந்தது ஒரே பெயர். அதில் ஒரு ‘சாமி’ வருகிறது. அந்தச் ‘சாமி’யை அன்றைய குமாஸ்தாக்கள் தோன்றியபடியெல்லாம் எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். வீட்டுப் பெரியவர்களிடம் குடும்பப் பெயரைக் கேட்டுப் பார்க்கும்படி பதில் வந்தது. இந்தப் பதிலுக்கும் சேர்த்துத்தான் டாலரில் பணம் வாங்குகிறார்கள்.

நியாயமாகப் பேசினால், ஆவணமே இல்லாத இடத்தில் தளம் என்ன செய்யும்? பஞ்சாபுக்கு லாகூர் அருங்காட்சியகத்தின் பதிவேடுகள் இருக்கின்றன. ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரம் அவற்றில் ஊர் வாரியாக உண்டு. 2021 முதல் இணையத்திலும் ஏறி வருகிறது. நம் பக்கத்துக்கு அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளம் இலவசம், தேடவும் எளிது. ஆனால் அதில் இறந்தவர்கள் மட்டுமே. பாஸ்ரா நினைவுச் சின்னத்துக்குரிய பட்டியலில் 40,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். எங்கள் ஆள் உயிரோடு ஊர் திரும்பியதால் எந்தப் பட்டியலிலும் இல்லை.

உருப்படியாகக் கிடைத்தது, படைப்பிரிவுகள் அன்றாடம் எழுதிவைத்த, லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளில்தான். டபிள்யூஓ 95 என்ற வரிசையைப் பாருங்கள். பதின்மூன்றாம் கம்பெனி என்று பாட்டி சொல்லிக் கேட்டிருந்ததால் தேடுவது சுலபமானது. இடம், தேதி, மணி, நடந்தது என்று கட்டம் போட்ட படிவம். 1917 பிப்ரவரி 23-இல் ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் நதியைக் கடந்த 14-ஆவது டிவிஷனில் இந்தக் கம்பெனியும் இருந்தது. அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும், காயமும் விடுப்பும்கூடப் பெயரோடு வரும். சாப்பர்களுக்கு எண்ணிக்கை மட்டும். நாட்குறிப்பைப் படித்தால் நதி தெரிகிறது, பாலம் தெரிகிறது, கொள்ளுத்தாத்தா தெரிவதில்லை.

அவர் பெயரைத் தாங்கி இருக்கும் ஒரே ஆதாரம் எங்கள் பீரோவில் இருக்கிறது. போருக்காக அவருக்குக் கிடைத்தவை இரண்டு பதக்கங்கள். வெள்ளிப் பதக்கம் யார் கல்யாணத்தில் கொலுசானதோ, யாருக்கும் தெரியாது. வெற்றிப் பதக்கம் வெண்கலம் என்பதால் பிழைத்தது. அதன் விளிம்பில், பட்டாணியின் பாதி உயரத்தில், எண், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கிறார்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் படிக்க முடியும். பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

அப்படியானால் சந்தா எதற்கு என்று கேட்பீர்கள். பெங்களூரு கண்டோன்மென்ட் தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளுக்காக. மதராஸ் மாகாணத்துப் பிரதிகள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் அவை தப்பின. தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் ‘சார்ஜென்ட், சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று வரும்போதெல்லாம், கொள்ளுத்தாத்தாவை அணிவகுப்பில் அதட்டியவர் இவராக இருக்குமோ என்று அந்தக் குடும்பத்தையே தொடர ஆரம்பித்துவிடுகிறேன். படங்களின் தெளிவு அபாரம். மை கசிந்த இடம்கூடத் தெரியும். இரவு ஒரு மணி ஆவது தெரிவதில்லை. யாரோ வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்த நாளெல்லாம் எனக்கு அத்துபடி.

மைத்துனரே, நீங்கள் கட்ட வேண்டாம். தமிழ்ச் சிப்பாயைத் தேட அந்தத் தளம் ஐந்து பைசா பெறாது. நான் போன வாரம்தான் இன்னோர் ஆண்டுக்குப் புதுப்பித்தேன். மீறிச் சேர்ந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.